வெற்றிலை மென்ற வாயில் புற்றுநோயின் வாசம் தெரியுமா?

என் பெரியப்பா எட்டு மாதம் இருமினார். வெள்ளாமைக்காரர், சுருட்டுப் பழக்கமும் உண்டு. முதலில் அது வயல் காவலில் பனி பட்டதால் வந்த இருமல் என்றார்கள். அப்புறம் வைக்கோல் எரித்த புகையால் வந்த இருமல் என்றார்கள். பாமசியில் வாங்கிய பாணி மருந்து மூன்று போத்தல் முடிந்தது. பெரியம்மா ஆடாதோடை அவித்துக் கொடுத்தார். ஒரு நாள் சளியோடு இரத்தம் வந்ததும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். காசநோயாக இருக்கலாம் என்று சளி எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை என்று ஒரு துண்டு கொடுத்தார்கள். அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கடைசியில் நெஞ்சுக்கு ஸ்கான் எடுத்தபோது நுரையீரல் கட்டி கல்லீரல்வரை போயிருந்தது.

அதனால்தான் "ஊதினால் போதும், நுரையீரல் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம்" என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றி வரும்போதெல்லாம் நான் அதை விடாமல் வாசிப்பேன். எங்கள் கிழக்கிலங்கையில், களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒருவர் ஒரு குழாயில் ஊதிவிட்டு, பத்து நிமிடத்தில் பதிலோடு வீட்டுக்குப் போகும் காலம் வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அந்தச் செய்திகளில் இருப்பது பொய்யல்ல. ஆனால் அவற்றில் பாதிதான் சொல்லப்படுகிறது. மூச்சில் என்ன இருக்கிறது, கருவி அதை எப்படிப் பிடிக்கிறது, நம்மூர் மூச்சைக் கொடுத்தால் அது எங்கே தடுமாறும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஆசைக்கு ஒரு அளவு கிடைக்கும்.

நுரையீரலுக்குள் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் உறையில் உண்டு, உள்ளே இல்லை. ஒரு கட்டி உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகலாம். ஆள் வயலுக்கும் போகலாம், கடலுக்கும் போகலாம், ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது பெரும்பாலும் அது பரவிய கட்டம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 25 இலட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, 18 இலட்சம் பேர் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் அத்தனை உயிர்களை எடுப்பதில்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் வெட்டி எடுத்துக் குணப்படுத்த முடிகிற நோய் இது என்பதுதான் மனதை வருத்துகிறது.

மூச்சில் என்ன இருக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒரு தடவை விடும் மூச்சு சுமார் அரை லீற்றர். அதில் பெரும்பகுதி நைதரசன். பிறகு மீந்துபோன ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, நிறைய நீராவி. இவை எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சும் மிகச் சிறிய பங்கில்தான் விஷயம் இருக்கிறது. 1971இல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க வேதியியலாளர், ஏற்கனவே இரண்டு நோபல் பரிசுகள் வாங்கியவர், மனித மூச்சைக் குளிரவைத்துப் பிடித்து, கலவைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவியில் செலுத்திப் பார்த்தார். ஏறக்குறைய 250 பொருட்கள் இருந்தன. இன்றைய கருவிகளில் அந்த எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டது.

மூச்சு நோயைக் காட்டும் என்பது புதிய எண்ணமும் அல்ல. சீனி வருத்தம் முற்றியவரின் மூச்சில் கனிந்த பழ வாடை வருவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள். அது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அசிற்றோனின் வாசம். வீதியில் பொலிசார் பலூன் ஊதச் சொல்வதும் மூச்சுப் பரிசோதனைதான். குடித்த மதுசாரம் வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போய், இரத்தத்திலிருந்து நுரையீரலின் காற்றறைகளுக்குள் ஆவியாக வந்து, பலூனுக்குள் போகிறது. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் பற்றீரியாவைக் கண்டுபிடிக்கவும், தொய்வுக்காரரின் மூச்சுக்குழாயில் அழற்சி எவ்வளவு என்று அளக்கவும் மூச்சுப் பரிசோதனைகள் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளன.

புற்றுநோயின் பொருட்களும் அதே வழியில்தான் வருகின்றன. உடம்பின் இரத்தம் முழுவதும் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை நுரையீரலைக் கடந்து போகிறது. அங்கே இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் சுவர் தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட இராது. எளிதில் ஆவியாகும் எதுவும் அதைத் தாண்டிவிடும். புற்றுநோய்க் கலங்கள் சீனியையும் கொழுப்பையும் மற்றக் கலங்களைப்போலப் பயன்படுத்துவதில்லை. அவற்றின் உறையிலுள்ள கொழுப்பு சிதையும்போது பென்ரேன், அல்டிகைட்டுகள் போன்ற சிறு மூலக்கூறுகள் வெளியாகின்றன. கட்டியைச் சுற்றி உடம்பு நடத்தும் சண்டையிலும் சில பொருட்கள் கூடுகின்றன, சில குறைகின்றன.

அளவுதான் பிரச்சினை. இந்தப் பொருட்களை நூறு கோடியில் எத்தனை பங்கு என்றுதான் அளக்கிறார்கள். அது எவ்வளவு என்று புரிய எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். நாட்டு நெல்லில் ஆயிரம் மணி ஏறக்குறைய 25 கிராம். அப்படியானால் நூறு கோடி மணி 25,000 கிலோ. சம்மாந்துறை ஆலை முற்றத்தில் அவ்வளவு நெல்லையும் கொட்டிவைத்து, அதற்குள் வேறு இன நெல் நாற்பது மணி கலந்திருக்கிறதா, அறுபது மணி கலந்திருக்கிறதா என்று கேட்பதுபோல. மூச்சைக் கொண்டு புற்றுநோயைத் தேடுகிறவர்கள் செய்ய நினைப்பது இதைத்தான். நாற்பதும் அறுபதும் நான் சும்மா சொன்ன எண்கள் அல்ல, கீழே வரும்.

கருவி எப்படி முகர்கிறது?

குசினியில் எரிவாயு கசிந்தால் சத்தமிடும் சிறிய பெட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் வெள்ளீய ஒட்சைட்டுப் பூசிய ஒரு துண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி உருவாக்கிய வழி அது. அந்தத் துண்டைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் அதன் மேற்பரப்பில் ஒட்டி, இலத்திரன்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடக் கஷ்டப்படும். எரியக்கூடிய வாயு வந்து அந்த ஒட்சிசனோடு சேர்ந்தால், பிடிபட்டிருந்த இலத்திரன்கள் விடுபடும், மின்சாரம் லேசாக ஓடும். அந்த மாற்றத்தை அளந்தால் வாயு எவ்வளவு என்று தெரியும். மூச்சு உணரிகளில் ஒரு பெரிய வகை இதே வேலையைத்தான் இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது.

ஆனால் ஒரு உணரி ஒரு வாயுவை மட்டும் அறிவதில்லை. பலதுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அசையும். 1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜோர்ஜ் டொட் இருவரும் இந்தக் குறையையே வழியாக்கினார்கள். வெவ்வேறு விதமாக அசையும் சில உணரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாம் சேர்ந்து காட்டும் கோலத்தைப் படித்தார்கள். நம்முடைய மூக்கும் அப்படித்தான். மீன் குழம்பில் மல்லி எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்று மூக்கு எண்ணுவதில்லை. மொத்த வாசத்தை வைத்தே யார் வீட்டுக் குழம்பு என்று சொல்லிவிடுகிறது. இதற்கு மின்னணு மூக்கு என்று பெயர் வந்தது.

நுரையீரல் புற்றுநோயில் இந்த வேலை வேகமெடுத்தது கடந்த கால் நூற்றாண்டில். 1999இல் மைக்கேல் பிலிப்ஸ் குழுவினர் நெஞ்சு எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்த 108 பேரின் மூச்சை எடுத்து, 22 பொருட்களைச் சேர்த்துப் பார்த்தால் புற்றுநோய் உள்ளவர்களைப் பிரித்தெடுக்க முடிகிறது என்று எழுதினார்கள். 2003இல் ரோமில் ஒரு குழு மின்னணு மூக்கைக் கொண்டு அதே முயற்சியைச் செய்தது. 2006இல் கலிபோர்னியாவில் நாய்களுக்கு நோயாளிகளின் மூச்சை முகரக் கொடுத்தார்கள். நாய்கள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகச் சொன்னதாக முடிவு வந்தது. 2009இல் நாசரேத்தில் பிறந்த ஹொசாம் ஹைக் என்ற அறிவியலாளர், மீநுண் தங்கத் துகள்களால் ஆன உணரிகளைக் கொண்டு நோயாளிகளையும் மற்றவர்களையும் வேறுபடுத்திக் காட்டினார். நெதர்லாந்தில் மின்னணு மூக்கை வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தினார்கள்: உடம்பின் எதிர்ப்புச்சக்தியைத் தூண்டிப் புற்றுநோயோடு போராட வைக்கும் விலைகூடிய மருந்து இந்த நோயாளிக்கு வேலை செய்யுமா, செய்யாதா என்று மருந்து தொடங்கும் முன்பே மூச்சு சொல்லுமா? 2019இல் வெளியான அவர்களுடைய முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. என் பார்வையில் இந்தத் துறையின் முதல் பயன் அங்கிருந்துகூட வரலாம்.

இப்போது அந்த நாற்பதும் அறுபதும். 2024இல் சீனாவின் ஷெஜியாங் பல்கலைக்கழகக் குழு பிளாட்டினம், இண்டியம், நிக்கல் கலந்த மீநுண் செதில்களால் ஒரு உணரி செய்தது. அது தேடியது ஐசோபிரீன் என்ற ஒரே பொருளை. நூறு கோடியில் இரண்டு பங்கு இருந்தாலே கண்டுகொள்ளும் அளவுக்கு அது கூர்மை. 13 பேரின் மூச்சை வைத்துப் பார்த்தார்கள், அவர்களில் 5 பேர் நோயாளிகள். நோயாளிகளில் ஐசோபிரீன் 40க்குக் கீழே; மற்றவர்களில் 60க்கு மேலே. சிறிய, மலிவான, கையடக்கக் கருவியாக்கக்கூடிய ஒன்று இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 13 பேர்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐசோபிரீன் நம் உடம்பில் பெரும்பாலும் தசைகளிலிருந்து வருகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஆள் எழுந்து நடக்கத் தொடங்கியதும், சைக்கிள் மிதிக்கத் தொடங்கியதும் மூச்சில் அது ஓரிரு நிமிடத்துக்குள் சில மடங்கு ஏறிவிடும், பிறகு இறங்கும். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்து மூச்சிரைக்க வரிசையில் நிற்பவரின் எண்ணும், தள்ளுவண்டியில் உட்கார்த்திக் கொண்டுவரப்பட்டவரின் எண்ணும் புற்றுநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாக இராது. படுத்த படுக்கையாக மெலிந்துபோன நோயாளியிடம் தசையே குறைவு. அப்படியானால் குறைந்துபோன ஐசோபிரீன் கட்டியைக் காட்டுகிறதா, மெலிவைக் காட்டுகிறதா? கருவியின் கூர்மை இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

நம்மூர் மூச்சு

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இடம்தான், இதைப் பற்றி யாரும் நமக்காக எழுதப்போவதுமில்லை.

காலையில் எழுந்து தேத்தண்ணி குடித்ததும் வட்டாவை இழுத்து வைத்துக்கொள்ளும் ஒரு அம்மம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. வெற்றிலையின் வாசத்துக்குக் காரணமான எண்ணெயில் யூஜினோல் இருக்கிறது; கராம்புக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் அதுதான். அதோடு அதன் உறவுக்காரப் பொருட்கள் பல. எல்லாம் ஆவியாகக்கூடியவை, எல்லாம் மூச்சோடு வெளியே வரும். நூறு கோடியில் நாற்பதைத் தேடும் கருவியின் முன்னால் இது தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்க முயல்வது மாதிரி. வாயைக் கொப்பளித்தால் போதாதா என்று கேட்கலாம். வாயில் இருப்பது ஓரளவு போகும். விழுங்கிய சாற்றிலிருந்து இரத்தத்தில் கலந்தது கொப்பளித்தால் போகாது.

அடுத்தது அடுப்பு. தென்னமட்டையும் பொச்சும் கொள்ளி விறகும் எரியும் குசினிகள் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் நிறைய. விறகுப் புகையில் பென்சீன் உட்பட எத்தனையோ பொருட்கள் உண்டு. அவற்றைச் சுவாசித்தவரின் இரத்தத்திலும் கொழுப்பிலும் அவை தங்கி, மணிக்கணக்கில், சிலது நாட்கணக்கில் மூச்சில் வந்துகொண்டிருக்கும். புகைபிடிப்பவரின் மூச்சில் வரும் அசிற்றோநைத்திரில் என்ற பொருள், புகைப்பதை நிறுத்திச் சில நாள் போனாலும் மறையாது. வைக்கோல் எரிக்கும் நாட்களில் கச்சான் காற்று புகையை ஊருக்குள் தள்ளும்போது, அடுப்படிக்கே போகாதவர் மூச்சிலும் அது இருக்கும். நுளம்புச்சுருள் ஏற்றிய அறையில் படுத்து எழும்பியவர் வேறு.

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றில் பகல் முழுவதும் சாப்பிடாதவரின் மூச்சில் அசிற்றோன் ஏறியிருக்கும். கந்தசட்டி விரதகாரருக்கும் அதுவே. சீனி வருத்தக்காரருக்கு விரதமில்லாமலே ஏறும், நம்மிடையே அவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். காசநோய் வந்து ஆறியவரின் நுரையீரலில் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பும், நாட்பட்ட முட்டும் மூச்சின் கோலத்தைத் தங்கள் பங்குக்கு மாற்றும். இதெல்லாம் போக, கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கும் ஊரின் ஈரக் காற்று. மூச்சே நீராவி நிறைந்தது. சூடாக்கிய ஒட்சைட்டு உணரிகள் நீராவிக்கும் அசையும் என்பதால், ஈரத்தைக் கழிக்கத் தெரியாத கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அந்த எண் மழைநாளில் ஒன்றாகவும் வெயில்நாளில் ஒன்றாகவும் இருக்கும்.

இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு என்பதையும் சொல்லவேண்டும். சாப்பிடாமல், வெற்றிலை போடாமல் வரச் சொல்லலாம். பத்து நிமிடம் உட்கார வைத்து, வடிகட்டிய காற்றைச் சிறிது நேரம் சுவாசிக்க வைத்து, மூச்சின் முதல் பகுதியை விட்டுவிட்டு ஆழத்திலிருந்து வரும் கடைசிப் பகுதியை மட்டும் பிடிக்கலாம். அறைக்காற்றைத் தனியே அளந்து கழிக்கலாம். மூச்சு ஆய்வாளர்கள் தங்களுக்குள் ஒரு நல்ல பழக்கமும் வைத்திருக்கிறார்கள்: புதினா எண்ணெய்க் குளிசை ஒன்றை விழுங்கவைத்து, அந்த வாசம் மூச்சில் ஏறி இறங்குவதை வெவ்வேறு நாட்டு ஆய்வுக்கூடங்களில் அளந்து, எல்லோருடைய கருவியும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள்.

இவற்றைவிட ஆழமான சிக்கல், கருவிக்குப் பின்னால் இருக்கும் கணினி எதைக் கற்றுக்கொள்கிறது என்பது. ஒரு ஆய்வில் நோயாளிகள் எல்லோரும் வாட்டில் படுத்திருப்பவர்கள், வயதானவர்கள், புகைத்தவர்கள் என்றும், ஒப்பிட எடுத்தவர்கள் இளம் மாணவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கணினி மிகச் சரியாக இரண்டு கூட்டத்தையும் பிரித்துவிடும். ஆனால் அது பிரித்தது வயதை வைத்தா, புகையை வைத்தா, வாட்டுத் தரை கழுவிய மருந்தின் வாடையை வைத்தா என்று யாருக்கும் தெரியாது. ஓரிடத்தில் அபாரமாக வேலை செய்த மூச்சுக் கருவி இன்னோரிடத்துக்குப் போனதும் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சீனாவிலும் நெதர்லாந்திலும் எடுத்த மூச்சில் பழகிய கருவி, வெற்றிலை மென்ற வாயை ஒருநாளும் பார்த்ததில்லை. அதை வாங்கி வந்து நேரே இங்கே வைத்தால், அம்மம்மாவின் வெற்றிலையைக் கட்டி என்று சொல்லக்கூடும். இன்னொருவரின் கட்டியை வெற்றிலை என்று விட்டுவிடவும் கூடும்.

இதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, கருவி வரும் முன்னே நம்முடைய மூச்சு அதற்குப் போய்ச் சேரவேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு மருத்துவ பீடம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உணரி செய்வது பெரிய செலவு. மூச்சைப் பையில் பிடித்து, யார் வெற்றிலை போடுபவர், யார் விறகடுப்பில் சமைப்பவர், யாருக்குக் காசநோய் வந்து ஆறியது என்று எழுதி வைப்பது அவ்வளவு பெரிய செலவில்லை. அந்தக் குறிப்புகளோடு இருக்கும் மூச்சு எந்த நாட்டு ஆய்வுக்கூடத்துக்கும் பெறுமதியானது.

விறகடுப்பு எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். அமெரிக்காவில் 53,000க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. கதிர் அளவைக் குறைத்து வருடம் ஒருமுறை எடுக்கும் சீடி ஸ்கான், சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 வீதம் குறைத்தது. அந்த ஆய்வுக்கு ஆளெடுத்தது சிகரெட் கணக்கில்: 55 முதல் 74 வயது, முப்பது வருடம் நாளுக்கு ஒரு பெட்டி என்ற அளவுக்காவது புகைத்தவர்கள். இன்றும் பல நாடுகளில் யாருக்கு ஸ்கான் எடுப்பது என்பதை இப்படித்தான் தீர்மானிக்கிறார்கள். நம்மூர்ப் பெண்கள் புகைப்பதில்லை. அந்தக் கணக்கில் அவர்கள் பெயர் வரவே வராது. ஆனால் புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது, ஆசியப் பெண்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். வீட்டுக்குள் எரியும் விறகின் புகையை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்திருக்கிறது. சிகரெட் எண்ணிக்கையைக் கேட்காமல் ஆளின் மூச்சையே கேட்கும் ஒரு பரிசோதனை உண்மையில் யாருக்குத் தேவை என்றால், குசினிப் புகையில் நாற்பது வருடம் நின்ற இந்தப் பெண்களுக்குத்தான்.

ஆயிரம் பேரின் கணக்கு

"90 வீதம் சரியாகச் சொல்கிறது" என்று ஒரு கருவியைப் பற்றி வாசித்தால் நல்லது என்றுதான் தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் நான் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டவை.

ஒரு ஊரில் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தி ஊதச் சொல்கிறோம். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 10 பேர். கருவி நோயாளிகளில் 90 வீதத்தினரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 வீதத்தினரை இல்லை என்று சரியாகச் சொல்லும். அப்படியானால் பத்தில் 9 பேரைப் பிடித்துவிடும். மீதி 990 பேரில் 99 பேருக்கு இல்லாத நோயை உண்டு என்று சொல்லும். ஆக 108 பேர் கையில் பயமுறுத்தும் துண்டு, அவர்களில் 9 பேருக்குத்தான் நோய். மற்ற 99 பேரும் ஸ்கானுக்கு வரிசையில் நிற்கவேண்டும். சிலருக்கு நெஞ்சில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கவேண்டி வரும். கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டும், கூடப் போகிறவருக்கு இரண்டு நாள் கூலி போகும், வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ள மாட்டார்கள்.

இப்போது அதே கருவியை ஊர் நடுவில் வைக்காமல், மாதக்கணக்கில் இருமிக்கொண்டு மார்பு நோய்க் கிளினிக்குக்கு வருபவர்களிடம் வைப்போம். அங்கே ஆயிரம் பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். 90 பேரைப் பிடிக்கும். 900 பேரில் 90 பேருக்குப் பிழையாகச் சொல்லும். உண்டு என்று சொன்னால் பாதிக்குப் பாதி உண்மை. ஒரே கருவி, வைத்த இடம் மாறியதும் இவ்வளவு வித்தியாசம். யாரை முதலில் ஸ்கானுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க உதவும் கருவியாக இது கிளினிக் வாசலில் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். சந்தையில் கூடாரம் போட்டு எல்லோரையும் ஊதச் சொல்லும் முகாம்களுக்கு இது ஏற்றதல்ல.

ஆனால் அந்த இரண்டாவது கணக்கில் 10 பேர் தப்பிப் போகிறார்கள். கட்டி உள்ளே இருக்க, இல்லை என்ற துண்டோடு வீட்டுக்குப் போகும் பத்துப் பேர். கணக்கை எழுதிவிட்டு நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பத்தைத்தான். பெரியப்பாவின் சட்டைப்பையில் இருந்ததும் அப்படியொரு துண்டு. அதில் பிழை ஒன்றும் இல்லை, காசநோய்க் கிருமி உண்மையாகவே இல்லை. அது பதில் சொன்ன கேள்வி வேறு, அவர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு. மூச்சுக் கருவி எவ்வளவு நல்லதாக வந்தாலும், அது இல்லை என்று சொன்னபின் இருமல் நிற்காதவரை மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு கூடவே இருக்கவேண்டும்.

தப்பவிடுவதைக் குறைக்க வேறொரு வழியையும் தேடுகிறார்கள். கட்டி தானாக விடும் வாசத்துக்குக் காத்திராமல், கட்டியிலுள்ள நொதி மட்டும் உடைக்கக்கூடிய ஒரு பொருளை உடம்புக்குள் செலுத்தி, உடைந்து வருவதை மூச்சில் பிடிப்பது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓல்ஸ்டோன் மெடிக்கல் என்ற நிறுவனம் இதில் இறங்கியிருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சங்கீதா பாட்டியாவின் ஆய்வுக்கூடம் 2024இல் இதே எண்ணத்தின் இன்னொரு வடிவத்தை வெளியிட்டது: மூச்சோடு உள்ளிழுக்கும் மீநுண் துகள்கள், கட்டி இருந்தால் சிறுநீரில் அடையாளம் விடும், அதைக் காகிதக் கீற்றில் பார்க்கலாம். அது இன்னும் எலிகளில்தான். வாசக் குழப்பங்களிலிருந்து விலகி நிற்பதால், வெற்றிலை போடும் ஊருக்கு இந்த வழி பொருந்தக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு எந்த மூச்சுக் கருவியும் ஸ்கானுக்கோ சதைப் பரிசோதனைக்கோ பதிலாக வரவில்லை. ஆகவே யாராவது உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஊதச் சொல்லி, நுரையீரலில் புற்றுநோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்த எழுத்தை நம்பவேண்டாம்.

இரண்டு கிழமைக்கு மேல் நிற்காத இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, குரல் அடைத்தே கிடப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வருவது, இவற்றில் ஒன்று இருந்தால் பாணி மருந்தோடு நாளைக் கடத்தாமல் அரச வைத்தியசாலைக்கு, இல்லாவிட்டால் மார்பு நோய்க் கிளினிக்குக்குப் போங்கள். சளிப் பரிசோதனைக்கு அங்கே காசு கேட்பதில்லை. புகைத்தீர்களா என்று மட்டும் கேட்டால், எத்தனை வருடம் விறகடுப்பில் நின்றீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறிய கட்டி அதில் தப்பிவிடக்கூடும். துண்டில் "இல்லை" என்று எழுதி வந்து, இருமல் அப்படியே இருந்தால், அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பப் போய், "கிருமி இல்லையென்றால் இந்த இருமல் எதனால் டொக்டர்?" என்று கேளுங்கள். பெரியப்பாவோடு போனவர்களில் நானும் ஒருவன். அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.